ஐயோ, தொண்ணூற்றொன்பது!

நிறைந்திருக்கும் ஒரு பொருள் குறைவதைக் கண்கொண்டு பார்க்க முடியாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கஞ்சர்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்; கஞ்சன் வேறு, இவர் வேறு. கஞ்சன் பொருளை வாங்கவே மாட்டான். இவர் வாங்குவார், ஊரெல்லாம் விசாரித்து, நாலு கடை ஏறி இறங்கி, கூடக் கொஞ்சம் கொடுத்தாவது உயர்ந்த ரகமாகவே வாங்குவார், வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, பொட்டு வைத்து, மூடி போட்டு, பீரோவின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பார். அவ்வளவுதான். அந்தப் பொருளின் உலக வாழ்க்கை முடிந்தது.

சோபா வாங்கினால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கமாட்டார். வியர்வையோடு அதில் உட்கார்ந்து எழுந்திருக்கும் விருந்தாளி 'பர்ர்ர்' என்று ஒரு சத்தத்தை எழுப்பிவிட்டு, தான் இல்லை, சோபாதான் என்று எப்படி விளக்குவது என்று தெரியாமல் தவிப்பார். துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த சென்ட், நல்ல நாளுக்காகக் காத்திருந்து காத்திருந்து, மூடிக்குள்ளேயே ஆவியாகி, பீரோவை மட்டும் மணக்க வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கும். அவசரம் வரவே வராதா என்கிறீர்களா? வரும். வந்துகொண்டேதான் இருக்கும். வருகிற அவசரம் எதுவும் அவருக்குப் போதுமான அவசரமாக இருக்காது. அதுதான் சங்கதி.

இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் நிறைகுடத்தார். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இவர்களுடைய குடம் தளும்பாது என்பது மட்டுமல்ல, சாயவும் சாயாது. தாகத்துக்கு ஒரு வாய் கேட்டுப் பாருங்களேன்.

இந்த இனத்தில் நன்றாகப் பழுத்த ஒருவர் கையில், பெங்களூரில், ஒரு பெரிய பேட்டரியைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் பக்தவச்சலம். பிறந்தது கோலார் தங்கவயலில். பூமிக்குள்ளிருந்து தங்கத்தை எடுத்து எடுத்தே தீர்த்துவிட்ட ஊர் அது. சுரங்கத்தை மூடியதற்கு ஆளாளுக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். பக்தவச்சலம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எடுத்தாங்க, எடுத்தாங்க, தீர்ந்துபோச்சு. எடுக்காமலே வெச்சிருந்தா இன்னிக்கும் இருந்திருக்கும்." இதற்கு எதிர்வாதம் செய்த யாரும் ஜெயித்ததில்லை.

பிறகு பெங்களூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ஆனார். இப்படிப்பட்டவரை ஸ்டோர்ஸில் வைத்தது மீனைத் தண்ணீரில் விட்ட மாதிரி. தொழிலாளி வந்து புதுக் கையுறை கேட்பார்.

"பழசு இன்னா ஆச்சு?"

"கிழிஞ்சுபோச்சு சார்."

"எத்தனை விரல் வெளியே தெரியுது?"

"ரெண்டு தெரியுது சார்."

"மீதி மூணு மூடிக்கினுதானே இருக்கு?"

தொழிலாளி போய்விடுவார். பக்தவச்சலம் ஓய்வு பெற்ற அன்று ஸ்டோர்ஸைத் திறந்து பார்த்தார்கள். பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ காலமான இயந்திரங்களுக்கான உதிரி பாகங்கள் எல்லாம், எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காமல், புதுக்கருக்கோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தன. நிர்வாகம் அவருக்குச் சால்வை போர்த்தியது. சால்வை இன்னும் கவரில்தான் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு அவரும் அவர் மனைவி ரஞ்சிதமும் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, கிளாரா என்க்ளேவ் என்ற அபார்ட்மென்ட்டில் குடியேறினார்கள். நல்ல கட்டடம். நல்ல மனிதர்கள். ஒரே ஒரு வியாதி: சாயங்காலம்.

பகலெல்லாம் அந்தக் கட்டடம் பூனை போலப் படுத்திருக்கும். மணி ஆறு அடித்ததோ இல்லையோ, ஆபீஸ் விட்டு வந்தவர்கள் குளிர்கிறதென்று கீசரைப் போட, அடுத்த வீட்டில் வாஷிங் மெஷின் உதற, மேல்வீட்டில் மிக்ஸி அலற, கீழே ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்று சார்ஜ் குடிக்க, லிஃப்ட் ஏறி இறங்க, மோட்டார் தண்ணீர் இறைக்க, யாரோ ஒருவர் இத்தனைக்கும் நடுவில் துணிக்கு இஸ்திரி போட, அனுமதித்த அளவைத் தாண்டி மீட்டர் எகிறும். தாண்டினால் அபராதம். ரொம்பத் தாண்டினால் மெயின் சுவிட்ச் 'டப்' என்று விழுந்துவிடும். மொத்தக் கட்டடமும் இருட்டில் ஒரே குரலில் "ஓஓ" என்னும். மதம், மொழி வித்தியாசமில்லாமல் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஒரே வார்த்தை அங்கே அதுதான்.

சங்கத்தின் தலைவி மமதா. கன்னடக்காரர், எந்த மொழியில் பேசினாலும் கணக்கு டீச்சர் போலவே பேசுவார். அவர்தான் கூட்டம் போட்டு விளக்கினார். "சம்ப் இதெயில்லவா, கீழ இருக்கற தண்ணித் தொட்டி, சம்ப்? தண்ணி வர்றப்போ நிரப்பி வெச்சுக்கறோம். எல்லாரும் குளிக்கற நேரத்துல எடுத்துக்கறோம். கரண்ட்டுக்கும் அதே மாதிரி ஒரு சம்ப். அதுதான் இந்த பேட்டரி. மத்தியானம் மாடியில இருக்கற சோலார்ல நிறையும். சாயங்காலம் எல்லாரும் ஒரேயடியா இழுக்கறப்போ அது பாதி கொடுக்கும். வெளியேருந்து வர்ற கரண்ட் மேல பாரம் குறையும். ஆயித்தா?"

ஆயித்து. எல்லாருக்கும் புரிந்தது. பேட்டரி வந்தது. இரண்டு பீரோக்களை ஒட்டி வைத்த மாதிரி, வெள்ளை வெளேரென்று, நெற்றியில் ஒரு பச்சை விளக்கோடு. கட்டடத்துக்கு அடியில் அதற்கென்று ஓர் அறை கட்டினார்கள். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்றார் மமதா. நாற்பது வீட்டாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ரஞ்சிதம் மட்டும் எழுந்து, "மேடம், ஒண்ணு சொல்லிடறேன். இவர் கையில ஒரு பொருளைக் கொடுத்தா பத்திரமா இருக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ரொம்பப் பத்திரமா இருக்கும்" என்றார்.

அது எச்சரிக்கை. மமதா அதைச் சிபாரிசு என்று நினைத்துவிட்டார்.

பேட்டரியைப் பொருத்தவந்த இன்ஜினியர் பெயர் கிரண். காதில் எப்போதும் ஒரு போன் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர். "சார், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆட்டோல போட்டிருக்கேன். தானா நிறையும், தானா இறங்கும். நீங்க சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா போதும்" என்றார். நிறைகுடத்தார் ஒருவரிடம், ஒரு பொருள் இறங்குவதைச் 'சும்மா பார்த்துக்கொண்டிருங்கள்' என்று சொல்லலாமா? சொல்லிவிட்டார். போதாததற்குப் பக்தவச்சலத்தின் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்து, எத்தனை சதவீதம் என்று எங்கே தெரியும் என்பதைக் காட்டினார். காட்டியதோடு போயிருக்கலாம். பேட்டரியில் இருந்த ஒரு பட்டனைத் தொட்டு, "இது மேனுவல் பட்டன். இதை அமுக்கினா எல்லாம் உங்க கண்ட்ரோல். ஆனா அமுக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மணி ஆறு. கீழே பேட்டரி மெல்ல 'ம்ம்ம்' என்றது. மேலே, வீட்டில், பக்தவச்சலம் அலறினார்.

"ஐயோ, தொண்ணூத்தொம்போது!"

ரஞ்சிதம் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "யாருக்குங்க? ஜுரமா?"

"பேட்டரிக்கு! நூறு இருந்துச்சு ரஞ்சிதம். என் கண்ணு முன்னாடி இறங்கிடுச்சு!"

"இறங்கறதுக்குத்தானே வாங்கினாங்க?"

அதற்குள் தொண்ணூற்றெட்டு. அவர் செருப்பு மாட்டாமல் கீழே ஓடினார். தொண்ணூற்றேழில் அதன் பக்கவாட்டைத் தடவிக் கொடுத்தார். தொண்ணூற்றாறில் அவருக்கு வியர்த்தது. தொண்ணூற்றைந்தில், வருவது வரட்டும் என்று, மேனுவலை அமுக்கினார். 'ம்ம்ம்' நின்றது. உடனே சார்ஜ் பட்டனையும் அமுக்கி, மறுபடி நூறு ஆகும்வரை பக்கத்திலேயே நின்று, ஆனதும் பெருமூச்சு விட்டு, மேலே வந்து இரண்டு தோசை சாப்பிட்டார். கட்டடத்தையே காப்பாற்றிவிட்ட திருப்தி அவருக்கு.

அதற்குப் பிறகு அந்த பேட்டரி வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே, நமக்கெல்லாம் வாய்க்காது. தூசி படாமல் பிளாஸ்டிக் உறை. கண் படாமல் எலுமிச்சையும் மிளகாயும். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம். புழுங்குமே என்று ஓர் ஏசி. நவம்பர் மாதத்துப் பெங்களூரில், மனிதர்களெல்லாம் குல்லாய் போட்டுக்கொண்டு நடுங்கும்போது, அதற்கு ஏசி! கதவில் ஒரு பூட்டு. பூட்டுக்கு மேலே தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பலகை: 'பேட்டரி ஓய்வில் உள்ளது. சத்தம் போடாதீர்.'

இதில் ஒரு வேடிக்கை. சும்மா இருந்தாலும் அந்த பேட்டரி தன் விளக்கைச் சிமிட்டவும் தன் நலத்தைத் தானே விசாரித்துக்கொள்ளவும் கொஞ்சம் கரண்ட்டைச் செலவழிக்கும். அதனால் தினமும் சாயங்காலத்துக்குள் நூறு தொண்ணூற்றெட்டாகியிருக்கும். உடனே பக்தவச்சலம் சார்ஜைப் போடுவார். எந்த நேரத்தில்? நாற்பது வீடும் கீசரைப் போடுகிற அதே நேரத்தில்.

காலையில் நடக்கப் போகும்போது யாராவது, "சௌக்கியமா சார்?" என்று கேட்டால், "நூறு" என்பார்.

பேட்டரியைக் காப்பாற்றினால் போதுமா? அதற்கு வருத்தம் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டுமே. சாயங்காலம் ஆனதும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு வீட்டில் ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஒரு வீட்டில் ஆள் இருக்கும் அறையில் ஓடும் ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். ஆனால் அவர் அதிகமாகத் தட்டியது மூன்றாம் மாடியில் ஐரின் வீட்டுக் கதவைத்தான்.

ஐரினுடைய கணவர் ஓஸ்வால்ட் வேலை பார்த்த கம்பெனி அந்த வருஷம் ஆட்களைக் குறைத்தது. குறைந்த ஆட்களில் ஓஸ்வால்டும் ஒருவர். அன்றிலிருந்து ஐரின் வீட்டிலேயே கேக் செய்து விற்று வந்தார். கையில் நல்ல பக்குவம். கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய ஆபீஸிலிருந்து, வேலை செய்யும் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிளம் கேக் என்று ஆர்டர் வந்திருந்தது. பிடித்திருந்தால் வருஷம் முழுக்க உங்களிடமே வாங்குகிறோம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஓஸ்வால்ட் யாரிடமோ இன்னொரு ஓவனை இரவல் வாங்கிவந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐரின்மா, இன்னா இது, சாயங்காலத்துல ஓவன் போட்டுக்கினு இருக்கியே?"

"கேக் செய்யறேன் அங்கிள்."

"காலையில செய்யக்கூடாதா?"

"காலையிலயும் செய்யறேன். மத்தியானமும் செய்யறேன். ஆர்டர் அவ்ளோ இருக்கு அங்கிள்."

"பேட்டரிக்குக் கஷ்டமா இருக்குதும்மா."

"பேட்டரியை ஆன் பண்ணிட்டீங்களா அங்கிள்?"

"சே சே, இல்லை. ஆனா நீங்க எல்லாரும் இழுக்கறது கீழ இருக்கற அதுக்குத் தெரியுமில்ல?"

ஐரின் அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார். அதை அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் டப்பாவில் வைத்தார்.

மாதம் முடிந்து பில் வந்தது. மமதா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார், கழற்றிவிட்டு ஒருமுறை படித்தார். பேட்டரி இல்லாத காலத்தில் இருந்ததைவிடச் சாயங்காலச் சுமை கூடியிருந்தது. கிரணைக் கூப்பிட்டார். கிரண் வந்து லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார். பார்த்தவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதிலிருந்த போன் அழைப்பைத் துண்டித்தார்.

"மேடம், இது ஒரு நாள்கூட இறங்கல. பீக் டைம்ல கரண்ட் கொடுக்கவேண்டிய பேட்டரி, கரெக்டா பீக் டைம்ல கரண்ட் சாப்பிடுது. அதுக்கு ஏசி வேற."

"அந்த்ரே?" என்றார் மமதா. அப்படியென்றால், என்று அர்த்தம்.

"அப்படீன்னா, நீங்க வாங்கினது பேட்டரி இல்ல மேடம். நாற்பத்தொண்ணாவது ஃபிளாட். குடித்தனம்தான் இல்லை. செலவு இருக்கு."

எல்லாரும் பக்தவச்சலத்தைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. ஸ்டோர்ஸில் எத்தனை ஆடிட் பார்த்தவர்!

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நூறு இருக்கா, இல்லியா?"

"இருக்கு சார்."

"ஒரு யூனிட்டாவது திருட்டுப் போச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா தப்பு?"

கிரண் லேப்டாப்பை ஒருமுறை பார்த்தார், பக்தவச்சலத்தை ஒருமுறை பார்த்தார். தங்கவயல் விஷயத்தில் எதிர்வாதம் செய்தவர்களின் முகம் இப்படித்தான் ஆகியிருக்கும். மமதா மட்டும் மேசையைத் தட்டி, "நாளையிலேருந்து ஆட்டோ. தெரிஞ்சுதா?" என்றார். "சரி மேடம்" என்றார் பக்தவச்சலம். ஸ்டோர்ஸ் பாஷையில் 'சரி' என்றால் 'காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள். மறுநாள் ஆட்டோவில் போட்டார். தொண்ணூற்றெட்டு வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு ஒரு யோசனை வந்தது: கிறிஸ்துமஸ் வருகிறதே! ஊரே விளக்குப் போடும். எவ்வளவு பெரிய அவசரம்! அதுவரைக்கும் நிறைந்திருந்தால்தானே அன்றைக்கு உதவும்? மேனுவல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். நல்ல குளிர். பால்கனிதோறும் நட்சத்திர விளக்கு. எல்லா வீட்டிலும் கீசர். மூன்றாம் மாடியில் இரண்டு ஓவனும் கடைசிக் கேக்குகளை வயிற்றில் வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தன. காலையில் ஆபீஸ் வண்டி வந்துவிடும். ஏழு மணி இருக்கும். பக்தவச்சலம் கீழே போய் வழக்கம்போலச் சார்ஜைப் போட்டார்.

டப்!

"ஓஓ" என்றது கட்டடம்.

காவலாளி போய் மெயினைத் தூக்கினார். மறுபடி டப். மமதா கிரணுக்குப் போன் போட்டார். "மேடம், லோட் ஜாஸ்தி, நிக்காது. பேட்டரியை ஆட்டோல போட்டுட்டு அப்புறம் மெயினைத் தூக்குங்க. ஆட்டோலதானே இருக்கு?" என்றது போன். மமதா போனைக் கையில் பிடித்தபடியே படியிறங்கினார். பின்னாலேயே பாதிக் கட்டடம், கையில் போன் வெளிச்சத்தோடு, கீழே இறங்கியது. அறை வாசலில் பக்தவச்சலம் நின்றிருந்தார். சாவி இடுப்பில்.

"திறங்க சார்" என்றார் மமதா. "அவசரம்."

"லிஃப்டுல யாராவது மாட்டிக்கினாங்களா?"

"இல்லை."

"அப்போ அவசரம் இல்லை."

"மேல் டேங்குக்குத் தண்ணி ஏறல சார்" என்று ஒருவர்.

"நேத்து ஏறிச்சு இல்ல?"

ஓஸ்வால்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மீசையில் மாவு. "அங்கிள், ஓவன்ல கேக்கு பாதி வெந்து நிக்குது. இப்பவே கரண்ட் வரலைன்னா நடுவுல அமுங்கிடும். காலையில டெலிவரி அங்கிள்."

"ஓஸ்வால்ட், நான் ஒண்ணும் கொடுக்கமாட்டேன்னு சொல்லலியே. இப்போ திறந்துவிட்டுட்டேன்னு வை. நாளைக்கே இதைவிடப் பெரிய அவசரம் வந்தா இன்னா பண்ணுவே?"

ஐரின் சத்தம் போடவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். "அங்கிள், இதைவிடப் பெரிய அவசரம் எங்க வீட்டுக்கு வந்துடக்கூடாதுன்னுதான் இந்த ஆர்டரையே எடுத்தேன்" என்றார்.

 பக்தவச்சலத்தின் கை இடுப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. பாவம், மனம் இளகத்தான் செய்தது; விரல்தான் இளகவில்லை. ஆயுள் முழுக்கச் சாவியைப் பிடித்தே பழகிய விரல்.

அப்போதுதான் ரஞ்சிதம் படியிறங்கி வந்தார். போன் வெளிச்சம் எதுவும் இல்லாமல், இருட்டில், விறுவிறுவென்று.

ரஞ்சிதம் அமைதியான பெண்மணி. கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. கோபமே வராதவர் என்று கட்டடம் நினைத்திருந்தது. வந்த கோபத்தையெல்லாம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அந்த அம்மாள் பத்திரமாக வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கல்யாணமான புதுசுல ஊட்டிக்குப் போலாம்னீங்க. நல்ல சீசனா வரட்டும்னீங்க. எத்தனை சீசன்ங்க போச்சு! ஊட்டியே அலுத்துப்போயிருக்கும்!"

"ரஞ்சிதம், இங்க எல்லாரும்..."

"கேக்கட்டும்! நம்ம பொண்ணு கல்யாணத்துல பாயசம் தீர்ந்துபோச்சுன்னாங்க. சம்பந்தி வீட்டு ஜனம் இலையில உக்காந்திருக்கு, நான் வெக்கத்துல சாகறேன். சமையக்கட்டுல போய்ப் பார்த்தா, ஓர் அண்டா பாயசத்தைத் தட்டுப் போட்டு மூடி, அது மேல நீங்க உக்காந்திருக்கீங்க! கேட்டா, 'கடைசிப் பந்திக்கு அவசரத்துக்கு'ன்னீங்க! கடைசிப் பந்தியும் எழுந்து போச்சு, நீங்க எழுந்தீங்களா? மறுநாள் காலையில அத்தனையும் புளிச்சு, நான்தான் கீழ ஊத்தினேன். இன்னிக்கும் சம்பந்தியம்மா என்னைப் பார்த்தா 'நல்லாருக்கீங்களா'ன்னு கேக்கறதில்லை. 'பாயசம் இருக்குதா'ன்னு கேக்கறாங்க!"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ரஞ்சிதம் இன்னும் இரண்டு படி இறங்கினார்.

"பெரிய அவசரம் வரணும், பெரிய அவசரம் வரணும்னு காத்துக்கினு இருந்தீங்களே, வந்திருக்குது. நான்தான் அது. திறங்க!"

பூட்டு எப்படித் திறந்தது என்று பக்தவச்சலத்துக்கே இன்றுவரை தெரியாது. ஏசியை மமதா அணைத்தார். போனில் கிரண், "ஆட்டோ, சார், ஆட்டோ" என்று கத்த, பக்தவச்சலம் அமுக்கினார். காவலாளி மெயினைத் தூக்கினார். தூக்கியது விழாமல் நின்றது. பேட்டரி 'ம்ம்ம்' என்றது. மாடி மாடியாக நட்சத்திரங்கள் எரிந்தன. "ஓஓ" என்றார்கள், இந்தத் தடவை வேறு ராகத்தில். ஐரினும் ஓஸ்வால்டும் லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினார்கள்.

பக்தவச்சலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேட்டரியின் எதிரில் உட்கார்ந்தார். தொண்ணூறு. எண்பத்தைந்து. ஆஸ்பத்திரியில் விசாரிக்க வருகிற மாதிரி ஆட்கள் வந்து, "இப்ப எப்படி சார் இருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள். "எழுபத்திரண்டு" என்பார் கண்ணெடுக்காமல். ரஞ்சிதம் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டதால் முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது. அறுபதில் ஓஸ்வால்ட் ஒரு தட்டோடு இறங்கிவந்தார்.

"அமுங்கல அங்கிள்! ஒண்ணே ஒண்ணுதான் கோணலாச்சு. அதை வெட்டிட்டோம்."

பக்தவச்சலம் தட்டைப் பார்த்தார். மூடி எங்கே என்று தேடினார். ரஞ்சிதம் ஒரு பார்வை பார்த்தார். சாப்பிட்டார். சூடான கேக்கை, செய்த அன்றே, அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஐம்பதில் இன்னொரு துண்டு கேட்டார். கீசர்கள் ஓய்ந்து, மோட்டார் நின்று, கட்டடம் அடங்கியபோது இருபத்திரண்டு இருந்தது. வானம் இடிந்து விழும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். விழவில்லை. மேலே போய்ப் படுத்தார்.

மறுநாள் நல்ல வெயில். மத்தியானச் சாப்பாட்டின்போது போனைத் திறந்தவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"ரஞ்சிதம்! திரும்பி வந்துடுச்சு! நூறு!"

"அதான் சம்ப் மாதிரின்னு அன்னிக்கே சொன்னாங்களே."

"அதே நூறா?"

"அது எப்படிங்க அதே நூறா இருக்கும்? அது நேத்து செலவாயிடுச்சு. இது வேற நூறு."

"வேறயா?" என்றார் பக்தவச்சலம். அந்தப் பழைய நூறுக்காக அவர் கண்ணில் ஒரு நிமிஷம் துக்கம் தெரிந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரண் வந்து பேட்டரியிலிருந்த மேனுவல் பட்டனை எடுத்துவிட்டார். பக்தவச்சலம் மனம் நோகக்கூடாது என்று, அமுக்கினால் எதுவும் ஆகாத ஒரு பட்டனை அதே இடத்தில் வைத்தார். அவர் அதை அவ்வப்போது அமுக்கி நிம்மதியடைகிறார். அடுத்த மாதத்துப் பில்லை மமதா ஒரே தடவை படித்தார், புன்னகையோடு. அந்த ஆபீஸ் ஐரினிடமே வருஷம் முழுக்கக் கேக் வாங்குவதென்று முடிவு செய்தது. ஓஸ்வால்ட் இரவல் ஓவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினார். ரஞ்சிதம் யாரையும் கேட்காமல் ஊட்டிக்கு பஸ் டிக்கெட் எடுத்தார். ஜனவரியில், சீசன் இல்லாத சீசனில், ஏரிக்கரையில் இருவரும் நடந்தார்கள். பக்தவச்சலம் வெடவெடவென்று நடுங்கினார். புது ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. இதைவிட அதிகமாகக் குளிர்ந்தால் போட்டுக்கொள்ளலாமே என்றார்.

ஆண்டுக் கூட்டத்தில் அவர் பேசினார். "அன்னிக்கு எல்லாரும் என்னைத் திட்டினீங்க. ஆனா நான் நூறு சேர்த்து வெச்சிருக்கலேன்னா, அன்னிக்கு இறக்கறதுக்கு ஏது?" மமதா எழுந்தார். யோசித்தார். உட்கார்ந்து கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அப்படிப்பட்ட மனிதரை நாம் என்ன செய்துவிட முடியும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கு இதெல்லாம் கிடையாது என்ற சிரிப்பு அது. ரொம்ப சந்தோஷம். ஒரு சின்ன உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டில், டிவிக்குக் கீழே உள்ள இழுப்பறையில், ரப்பர்பேண்டுகளுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவில் ஒரு டார்ச் லைட் இருக்கும். நல்ல டார்ச். அதை வாங்கிய பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போய்விட்டது. செல் வீணாகுமே என்று போன் வெளிச்சத்திலேயே சமாளித்துக்கொண்டீர்கள். இப்போது எழுந்துபோய் அதை எடுத்து ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். நான் இருக்கிறேன்.

எரிகிறதா?

குலுக்காதீர்கள். உள்ளங்கையில் தட்டினாலும் எரியாது. மூடியைத் திருகுங்கள். திருக வரவில்லையா? செல் கசிந்து, பச்சையாகப் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டதா?

பரவாயில்லை, வாருங்கள். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான்.